பந்தலுக்குப் போன நிழல்

செங்குட்டையில் தண்ணீர் வற்றிக்கொண்டே வந்தது. குட்டைக்கரையில் இருந்த எல்லோரும் வெயிலைத் திட்டினார்கள். முயல் வேகவேகமாகத் திட்டியது. எருமை அசைபோட்டு மெதுவாகத் திட்டியது. ஆந்தை தூக்கத்திலேயே திட்டியது. வெயில் யாருக்கும் பதில் சொல்லவில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் சீக்கிரமாக வந்து நின்றது.

அந்தக் காட்டில் ஒரு மயில் இருந்தது. எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு கூட்டம் போட வேண்டும் என்று தோன்றும். பாறை மேல் ஏறி நின்று தோகையை விரித்தது.

"பேரன்புமிக்க இளைய தலைமுறையே! வெயில் நம்மை வெல்வதா, நாம் வெயிலை வெல்வதா? சிந்திப்பீர்! இந்தக் கோடையில் நான் நடத்தப் போகும் மாபெரும் முகாமுக்குத் திரண்டு வாரீர்!"

முகாம் சின்னக் குட்டிகளுக்கு இல்லை. பெரியவர்களுக்கும் இல்லை. நடுவில் அரைகுறையாக நிற்கிறார்களே, அந்தப் பிள்ளைகளுக்கு. கொம்பு முளைக்கப்போவதாக ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற மான் பையன்கள். மீசை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிற முயல்கள். கோபம் வந்தால் முள்ளைச் சிலிர்க்கத் தெரியும், திரும்ப மடக்கத்தான் தெரியாது என்கிற நிலையில் இருந்த முள்ளம்பன்றிப் பெண் கூராயி. மலையடிவாரப் பேருந்து நிலையத்தில் வளர்ந்து, அந்த ஊர்ப் பேச்சோடு காட்டுக்குத் திரும்பி வந்திருந்த குரங்குப் பையன் டப்பா.

அப்புறம் ஒரு மைனாப் பையன். அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் எல்லோருக்கும் மறந்துவிட்டது. யார் பேசினாலும் அடுத்த நிமிடம் அதே மாதிரி பேசிக் காட்டுவான். அதனால் பலகுரலான் என்றே கூப்பிட்டார்கள். அவன் பன்றியைப் போல உறுமினால் பன்றியின் அம்மா திரும்பிப் பார்ப்பாள்.

முகாமில் சேர்ந்தவர்களிலேயே அரைகுறை என்றால் அது குமிழிதான். குமிழி ஒரு தலைப்பிரட்டை. பின்னங்கால்கள் வந்துவிட்டன. முன்னங்கால்கள் வரப்போகின்றன. வால் இன்னும் போகவில்லை. அதனால் அவள் தவளையும் இல்லை, மீனும் இல்லை. யாராவது "நீ எந்த வகுப்பும்மா?" என்று கேட்டால், "வால் வகுப்பு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் போய்விடுவாள். ஒரு கோடை மழையை நம்பி அவள் அம்மா அந்தக் குட்டையில் முட்டையிட்டுவிட்டாள். அதற்குப் பிறகு மழை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை.

முகாமுக்கு ஒரே ஒரு விதி. முகாம் முடியும்வரை யாரும் யாரையும் தின்னக் கூடாது. மயிலும் அந்த விதிக்குக் கட்டுப்பட்டது. மதிய நேரத்தில் மட்டும் குமிழியை ஒரு மாதிரியாகப் பார்க்கும். குமிழி கூப்பிட்டு விதியை ஞாபகப்படுத்துவாள். மயில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்க்கும்.

வகுப்புகள் ஆரம்பமாயின. எங்கே என்று நினைக்கிறீர்கள்? நட்டநடு வெயிலில், பொட்டல் தரையில். நிழலில் நடத்தலாமே என்று கூராயி கேட்டாள். நிழலில் தோகை மின்னாது என்பதை மயில் நேராகச் சொல்லவில்லை. வெயிலைப் பற்றிப் படிப்பவர்கள் வெயிலில் இருந்துதான் படிக்க வேண்டும் என்று சொன்னது. பிள்ளைகள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு படித்தார்கள். வெயில் என்றால் என்ன, அதன் வகைகள் யாவை, அது பற்றி மயிலின் தாத்தா என்ன சொன்னார், அதை மயிலின் அப்பா எப்படி மறுத்தார் என்றெல்லாம் பாடம் நடந்தது.

ஒரு நாள் பாடம் முடிகிற வழியாக இல்லை. அப்போது புதருக்குப் பின்னாலிருந்து மயிலின் குரல் கணீரென்று கேட்டது. "ஆகவே, அன்புச் செல்வங்களே, இன்றைய வகுப்பு இத்துடன் இனிதே நிறைவுறுகிறது!"

பிள்ளைகள் கைதட்டிவிட்டு ஒரே ஓட்டமாக ஓடிப் போனார்கள். மயில் திறந்த வாயோடு நின்றது. தான் அப்படிச் சொன்னதாக அதற்கு ஞாபகம் இல்லை. ஆனால் அவ்வளவு நன்றாகச் சொல்லப்பட்டிருந்ததால் தான்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டது. புதருக்குப் பின்னால் பலகுரலான் சிரிப்பை அடக்க முடியாமல் மண்ணில் உருண்டுகொண்டிருந்தான்.

பிறகு, ஆளுக்கொரு தீர்வு கண்டுபிடித்து வர வேண்டும் என்று மயில் சொன்னது. எவ்வளவு பெரிய தீர்வோ அவ்வளவு பாராட்டு என்றும் சொன்னது.

முயல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் காதை விசிறினால் காட்டுக்கே காற்று வரும் என்றார்கள். விசிறியும் பார்த்தார்கள். இரண்டு முயல்களுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. காட்டுப்பன்றிகள் சேறு பூசிக்கொள்ளலாம் என்றார்கள். அது நல்ல யோசனைதான். ஆனால் அது யோசனை இல்லை, வழக்கமாகச் செய்வது என்று மயில் தள்ளிவிட்டது. டப்பா எழுந்து, சூரியனை நாலு நாள் வெளியூருக்கு அனுப்பினால் என்ன என்று கேட்டான். மயில் அதைக் கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தது.

கடைசியில் தண்ணீரிலிருந்து குமிழி தலையைத் தூக்கினாள். மதியம் ஆனால் குட்டை முழுவதும் கொதிக்கிறது என்றாள். தண்ணீர் சூடானால் மூச்சு முட்டுகிறது. குட்டை மேல் சாய்ந்து நிற்கிற நீர்மருது மரத்துக்கு அடியில், அந்த ஒரு மூலையில் மட்டும் நிழல் இருக்கிறது. தன் கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் மதியத்துக்கு அங்கேதான் வந்து ஒதுங்குகிறார்கள். அந்த மூலை இருந்தால் போதும், வால் போகிறவரை தாக்குப்பிடித்துவிடுவோம் என்றாள்.

மயில் சிரித்தது. "அது ஏற்கெனவே இருக்கிற நிழலம்மா. இருப்பதை வைத்துக்கொள்வது எப்படித் தீர்வாகும்? உட்கார்."

தலைப்பிரட்டையால் எப்படி உட்கார முடியும்? குமிழி தண்ணீருக்குள் போய்விட்டாள்.

நிறைவு விழா நாள் வந்தது. அந்தக் காட்டில் எந்தக் கூட்டம் என்றாலும் நிறைவு விழா உண்டு. நிறைவு விழா என்றால் சிறப்பு விருந்தினர் உண்டு. சிறப்பு விருந்தினர் என்றால் அது மேற்கு மலையிலிருந்து வருகிற யானையம்மாதான். யானையம்மா வந்தால் அவருக்குப் போர்த்த தேக்கிலைச் சால்வை வேண்டும். வரவேற்புரை வேண்டும். நன்றியுரை வேண்டும். இதெல்லாம் போக, அவ்வளவு பெரிய உடம்பு வெயிலில் நிற்கக் கூடாது என்பதால் பந்தல் வேண்டும்.

யானை நிற்கிற அளவுக்குப் பந்தல் என்றால் சும்மாவா? தழை எங்கே இருக்கிறது என்று மயில் நாலு பக்கமும் பார்த்தது. கோடையில் மற்ற மரங்கள் எல்லாம் காய்ந்து நின்றன. குட்டை மேல் சாய்ந்திருந்த நீர்மருது மட்டும் பச்சைப்பசேல் என்று இருந்தது.

"ஏறுங்கள்!" என்றது மயில்.

குரங்குப் பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரே பாய்ச்சலில் மரத்தின் மேல் இருந்தார்கள். கிளைகள் மடமடவென்று முறிந்து விழுந்தன. மான்கள் இழுத்துக்கொண்டு போயின. பன்றிகள் பந்தக்கால் நட்டன. முயல்கள் கொடியைக் கடித்துக் கட்டின. பொழுது உச்சிக்கு வருவதற்குள் பொட்டலின் நடுவில் பிரமாதமான ஒரு பந்தல் நின்றது. அதன் முகப்பில் 'நிழலைக் காப்போம்' என்று பூக்களால் எழுதி வைத்தார்கள்.

டப்பா உச்சிக்கிளையிலிருந்து எட்டிப் பார்த்தான். "இன்னா சார், மொட்டை அடிச்சாச்சு. இன்னும் எதுனா வேணுமா?"

போதும் என்று மயில் சொல்லிவிட்டு வரவேற்புரையை மனப்பாடம் செய்யப் போனது.

மரம் எலும்பாக நின்றது. குட்டையின் அந்த ஒரு மூலையிலும் வெயில் நேராக இறங்கியது.

கொஞ்ச நேரத்திலேயே தலைப்பிரட்டைகள் மேலே வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றாக வாயைத் திறந்து காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போயின. போன வேகத்தில் திரும்ப வந்தன. சில சின்னவை கீழே போகவே இல்லை. மேலேயே மல்லாந்து மிதந்தன. குமிழி அவற்றை மூக்கால் முட்டித் திருப்பிவிட்டாள். திருப்பத் திருப்ப அவை மல்லாந்தன. அவள் கரைப்பக்கம் வந்து கத்தினாள். தலைப்பிரட்டையின் கத்தல் எவ்வளவு தூரம் கேட்கும்? அந்தப் பக்கம் மயில் "வருக வருக" என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது.

தண்ணீர் குடிக்க வந்த கூராயியும், அவள் முதுகு மேல் முள் படாத ஒரே இடத்தில் உட்கார்ந்து வந்த பலகுரலானும்தான் அதைப் பார்த்தார்கள். பலகுரலான் வழக்கம் போல முதலில் குமிழியின் கத்தலை அப்படியே கத்திக் காட்டினான். கூராயி முதுகைச் சிலிர்த்தாள். அவன் அலறிக்கொண்டு கீழே குதித்தான்.

குமிழிக்கு மூச்சு வாங்கியது. "அந்தப் பந்தலுக்குள்ள இருக்கே நிழல், அது எங்க நிழல்" என்றாள். "தம்பிங்க சாயங்காலம் வரைக்கும் தாங்க மாட்டாங்க."

பலகுரலான் மரத்தைப் பார்த்தான். பந்தலைப் பார்த்தான். முகப்பில் எழுதியிருந்ததைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்கு ஒன்றும் பேசிக் காட்டத் தோன்றவில்லை.

இரண்டு பேரும் மயிலிடம் ஓடினார்கள். பந்தலைக் கொஞ்சம் நகர்த்திக் குட்டை மேல் போட்டுவிடலாம் என்று கூராயி சொன்னாள். மயில் பதறியது. சிறப்பு விருந்தினர் வந்து, நின்று, பேசி, போன பிறகு எங்கே வேண்டுமானாலும் நகர்த்திக்கொள்ளுங்கள் என்றது. சிறப்பு விருந்தினர் எப்போது வருவார் என்று கேட்டாள். சிறப்பு விருந்தினர் என்றைக்கு நேரத்துக்கு வந்திருக்கிறார் என்று மயில் திருப்பிக் கேட்டது. அதில் நியாயம் இருந்தது.

"தலைப்பிரட்டையெல்லாம் சாவுது சார்" என்றாள் கூராயி.

"விழா முடியட்டும். அவர்களுக்காக ஒரு நிமிடம் மௌனம் வேண்டுமானால் சேர்த்துக்கொள்வோம்."

கூராயி புதர்ப்பக்கம் வந்தாள். அங்கே அவளுக்கு முன்பே வந்துவிட்ட பலகுரலான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

"ஏலே மைனா, என்னல இப்படி சும்மா நிக்க? ஒனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"யோசிக்கிறேன்."

"நீ யோசிச்சு என்னத்தக் கிழிக்கப் போற? அந்த வாய வச்சு ஒரு நல்ல காரியம் பண்ணுல."

பலகுரலான் நிமிர்ந்தான். மயில் யார் சொன்னால் கேட்கும் என்று அவனுக்குத் தெரியும். போன கோடையில் யானையம்மா பேசியதையும் அவன் கேட்டிருந்தான். ஒரு தடவை கேட்டால் அவனுக்குப் போதும்.

நாணல் காட்டுக்குள் போனான். கூராயியை ஒரு பெரிய கட்டையை எடுத்துத் தரையில் தொம் தொம் என்று போடச் சொன்னான். அவள் போட்டாள். அவன் வயிற்றை எக்கி, தொண்டையை அகட்டி, மேற்கு மலைக் குரலை வெளியே எடுத்தான்.

"ஏனுங்க மயில் சார்… நாந்தானுங்க வந்திருக்கறேன்."

மயில் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தது. நாணலுக்கு வெளியே நின்று தலையைத் தரைவரை குனிந்து கும்பிட்டது. குனிந்திருந்ததால் நாணலுக்குள் யார் என்று பார்க்கவில்லை.

"நடந்து வந்ததுல காலெல்லாம் எரியுதுங்க" என்றது யானைக்குரல். "பொட்டத் தரையில என்னால நிக்க முடியாதுங்க. பந்தலைத் தண்ணிக்கு மேல போட்டு வெச்சீங்கன்னா புண்ணியமாப் போகும். அந்த மொட்டை மரத்து மூலையில போடுங்க. நான் ஒரு நடை ஓடைப்பக்கம் போயிட்டு வந்தர்றனுங்க."

தொம், தொம், தொம். கூராயி கட்டையைப் போட்டுக்கொண்டே தூரமாகப் போனாள்.

மயில் நிமிர்ந்தது. அடுத்த கணம் அதன் குரல் பொட்டல் முழுவதும் ஒலித்தது. சிறப்பு விருந்தினரின் விருப்பமே நம் விருப்பம், எடுங்கள் பந்தலை!

பந்தல் நடந்தது. பார்த்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். மேலே தழை, கீழே மான் கால், பன்றிக் கால், முயல் கால், குரங்குக் கால். ஒரு பக்கம் உயர்ந்தது, மறு பக்கம் தாழ்ந்தது. நடுவில் ஒரு முயல் தும்மியது. பந்தலே தும்மிய மாதிரி குலுங்கியது. டப்பா மேலே உட்கார்ந்து, லாரி பின்னால் வருவதைப் பார்த்துச் சொல்கிற மாதிரி "வா வா வா, ரைட்ல ஒடி, ஒடி, போதும் போதும்" என்று வழி சொன்னான். எல்லோரும் சிரித்துச் சிரித்து இரண்டு தடவை பந்தலைக் கீழே வைத்தார்கள்.

குட்டை மூலையில் கால்கள் இறங்கின. நிழல் தண்ணீர் மேல் விழுந்தது. மல்லாந்து மிதந்தவை கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகப் புரண்டன. ஒரு பொடியன் வாலை ஆட்டினான். குமிழி பந்தலுக்குக் கீழே வட்டமாகச் சுற்றிச் சுற்றி நீந்தினாள். குட்டை முழுவதும் இருந்த தலைப்பிரட்டைகள் எல்லாம் கறுப்பு மணலைக் கொட்டிய மாதிரி அந்த மூலைக்கு வந்து சேர்ந்தன.

பலகுரலானும் கூராயியும் நாணலுக்குள் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டார்கள். அவன் யானைக்குரலில் பாராட்டினான். அவள் கட்டையால் தொம் என்று ஒன்று போட்டாள்.

பின்னால் இன்னொரு தொம் கேட்டது.

கூராயி கையிலிருந்த கட்டையைப் பார்த்தாள். அதை அவள் போடவில்லை.

யானையம்மா வந்துவிட்டார். சரித்திரத்தில் முதல் தடவையாகச் சீக்கிரமாக வந்துவிட்டார். நிஜமாகவே நடந்து வந்து கால் எரிந்துகொண்டிருந்தது. பார்த்தால் குட்டைத் தண்ணீருக்கு மேலேயே பந்தல். அவருக்கு மனது குளிர்ந்துவிட்டது.

"அடடா, எங்கால் எரியறது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுங்க?"

"தாங்கள் சொல்லித்தானே, அம்மையீர்!" என்றது மயில். "எழுந்தருளுங்கள், தண்ணீருக்குள் எழுந்தருளுங்கள்!"

தான் எப்போது சொன்னோம் என்று யானையம்மாவுக்குப் புரியவில்லை. விழா நாளில் யார் என்ன பேசுகிறார்கள் என்று யாருக்குப் புரிகிறது? தேக்கிலைச் சால்வை முதுகில் விழுந்தது. அவர் பந்தலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

பலகுரலான் குட்டை மூலையை எட்டிப் பார்த்தான். யானையின் ஒரு கால் போதும். அந்த மூலையில் ஒன்றுகூட மிஞ்சாது. முன்பு குட்டை முழுக்கச் சிதறிக் கிடந்தவற்றை ஒரே இடத்துக்கு வரவழைத்தது அவன்தான். யானைக்குத் தண்ணீரில் பந்தல் போடச் சொன்னதும் அவன்தான்.

நாணலுக்குள்ளிருந்து மயிலின் குரலில் "நில்லுங்கள் அம்மையீர்!" என்றான். யானையம்மா அதை இன்னொரு வரவேற்பு என்று நினைத்து, தலையாட்டிக்கொண்டே வந்தார். புலிக்குரலில் உறுமலாமா என்று யோசித்தான். உறுமினால் அவர் ஓடுவார். எந்தப் பக்கம் ஓடுவார் என்று யாருக்குத் தெரியும்? பன்றி, மான், எருமை, முயல் என்று எல்லாக் குரலும் தொண்டை வரை வந்து திரும்பிப் போனது. எந்தக் குரலாலும் பிரயோசனம் இல்லை.

யானையம்மா காலைத் தூக்கினார்.

பலகுரலான் பறந்து போய் அவர் காலுக்கும் தண்ணீருக்கும் நடுவில், குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்த ஒரு பந்தல் கிளையில் உட்கார்ந்தான். வாயைத் திறந்தான். அவனுடைய சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்று அவனுக்கே சரியாகத் தெரியாது. வந்தது. பாதி கீச்சென்றும் பாதி கரகரவென்றும் இருந்தது.

"அம்மா, காலை வைக்காதீங்க. மயில் சார்கிட்ட உங்க குரல்ல பேசினது நான்தான். கீழ புள்ளைங்க இருக்காங்க."

யானையம்மாவின் கால் அந்தரத்தில் நின்றது. அவர் தும்பிக்கையைக் கீழே இறக்கி, தண்ணீரைத் தொடாமல் மோந்து பார்த்தார். கறுப்பு மணல் அசைந்தது.

"ஏங்கண்ணு, இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார். காலை அப்படியே வைத்திருந்தார். "பின்னாடி யாராச்சும் இருந்தா தள்ளிக்கோங்க. ரொம்ப நேரம் மூணு கால்ல நிக்க முடியாது."

பின்னால் நின்ற முயல்கள் சிதறி ஓடின. யானையம்மா காலைக் கரையில் வைத்தார்.

மயிலுக்குக் கோபம் தலைக்கேறியது. மைனாவை முகாமிலிருந்து நீக்க வேண்டும், காட்டிலிருந்தே நீக்க வேண்டும் என்று ஆரம்பித்தது. யானையம்மா காதை ஒரு ஆட்டு ஆட்டினார். அந்தக் காற்றில் மயிலின் தோகை முன்பக்கமாக மடிந்து அதன் முகத்தையே மூடிக்கொண்டது. அதற்கு மேல் என்ன பேசியது என்று யாருக்கும் கேட்கவில்லை.

யானையம்மா கரையோரமாக முட்டி போட்டு, தண்ணீருக்குப் பக்கத்தில் கண்ணைக் கொண்டுவந்தார்.

"கண்ணு, உனக்கு என்ன வேணும்?"

அந்த முகாமில் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் யாரிடமும் கேட்டதில்லை. குமிழி தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கினாள். பிறகு சொன்னாள்.

"வால் போற வரைக்கும் இந்த மூலை வேணும். நிழல் இருக்கணும். தண்ணி இன்னும் கொஞ்சம் வந்தா நல்லாருக்கும். அப்புறம் நாங்க குதிச்சுப் போயிடுவோம், யாருக்கும் தொந்தரவு இல்ல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இதத்தான் வகுப்புலயும் சொன்னேன்."

பிள்ளைகள் எல்லோரும் மயிலைப் பார்த்தார்கள். மயில் முகத்திலிருந்த தோகையை எடுக்காமல் இருப்பதே நல்லது என்று நினைத்தது.

மேலே ஓடை இருக்கிறதே என்றார் யானையம்மா. வறண்டு கிடந்தாலும் மணலுக்கு அடியில் தண்ணீர் இருக்கும். தோண்டினால் ஊறும். ஊறினால் குட்டைக்கு வழி வெட்டலாம். தோண்டத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

பன்றிகள் பன்றிகளைப் பார்த்தன. முயல்கள் முயல்களைப் பார்த்தன. கூராயி தன் நகத்தைப் பார்த்தாள். முகாமில் பாதிப்பேர் பிறவியிலேயே தோண்டுகிறவர்கள். அத்தனை நாளும் அவர்களை வெயிலில் உட்கார வைத்து வெயிலின் வகைகளைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அப்புறம் அங்கே நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். மணல் பறந்தது. பன்றிகள் மூக்கால் கிளறின. முயல்கள் பின்னங்காலால் வாரி அடித்தன. வாரி அடித்த மணல் எல்லாம் மான்களின் முகத்தில் விழுந்தது. டப்பாவுக்குத் தோண்டத் தெரியாது. அதனால் அவன் மேஸ்திரி ஆகிவிட்டான். பலகுரலான் ஒவ்வொரு குழிக்கும் மேல் உட்கார்ந்து அந்தந்தக் குழிக்காரரின் அம்மா குரலில் "இன்னும் ஆழமா, இன்னும் ஆழமா" என்று விரட்டினான். பாதிப்பேர் திட்டினார்கள். ஆனால் வேகம் குறையவில்லை. யானையம்மா நடுவில் ஒரு மிதி மிதித்தார். அடியிலிருந்து தண்ணீர் கசிந்தது. முதலில் சேறாக வந்தது, பிறகு கலங்கலாக வந்தது, பிறகு தெளிந்து சில்லென்று வந்தது. வெட்டின வாய்க்காலில் அது நெளிந்து நெளிந்து ஓடி, குட்டை மூலைக்குள் விழுந்தது.

குமிழி அந்தத் தண்ணீர் விழுகிற இடத்தில் போய் நின்றாள். தண்ணீர் அவளைப் பின்னால் தள்ளியது. திரும்ப வந்து நின்றாள். திரும்பத் தள்ளியது. அவள் தம்பிகள் எல்லாம் வரிசையில் நின்று அதே விளையாட்டை ஆரம்பித்தார்கள். யானையம்மா தும்பிக்கை நிறைய ஊற்றுத் தண்ணீரை எடுத்து முகாம் முழுவதன் மேலும் பீய்ச்சினார். மயில் மேலும் விழுந்தது. நனைந்த மயில் பெரிய கோழி மாதிரி இருந்தது. யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் பார்த்தார்கள்.

நிறைவு விழா பிறகு நடந்தது. பந்தல் இல்லாத பொட்டலில், வெயிலில். அதனால் செங்குட்டை இதுவரை கண்ட விழாக்களிலேயே அதுதான் மிகச் சிறியது. மயில் "வருக" என்று ஒரே ஒரு தடவை சொன்னது. யானையம்மா, "அடுத்த மழைக்கு அந்த மரத்துப் பக்கத்துல நாலு கன்று வையுங்க, ஆனா அதை என்னை வெச்சு நடச் சொல்லாதீங்க, நான் மிதிச்சிருவேன்" என்று மட்டும் பேசினார். நன்றியுரை சொல்ல வேண்டிய மான் பையன் "நன்றி" என்று சொல்லிவிட்டு நிழலுக்கு ஓடிவிட்டான். கைதட்டல் காதைப் பிளந்தது.

பந்தல் தழை மெல்லக் காய்ந்தது. குரங்குப் பிள்ளைகள் எருக்கும் நாணலும் கொண்டுவந்து மேலே போட்டுக்கொண்டே இருந்தார்கள். உதிர்ந்த சருகு தண்ணீரில் ஊறியது. தலைப்பிரட்டைகளுக்கு அதுவே சாப்பாடு ஆனது. ஒரு நாள் காலையில் கூராயி தண்ணீர் குடிக்க வந்தபோது கரையில் விரல் அளவு தவளை ஒன்று உட்கார்ந்திருந்தது. நாலு கால் இருந்தது. வால் இல்லை. கூராயிக்கு அடையாளம் தெரியவில்லை. "நீ எந்த வகுப்பும்மா?" என்று கேட்டுவிட்டாள்.

"பாஸாயிட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குமிழி ஒரே தாவாகத் தாவி அவள் முதுகில் உட்கார்ந்தாள். முள் இருப்பதை அப்புறம்தான் நினைத்தாள். அவள் போட்ட கத்தல் இந்தத் தடவை காடு முழுவதும் கேட்டது.

நிழல் யாருக்கு வேண்டும் என்று கேட்காமல் போடுகிற பந்தல், யாருடைய நிழலையாவது பிடுங்கித்தான் போடப்படுகிறது.